கெமராவைப் போடாவிட்டால் வரவில்லை என்று அர்த்தமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விடயத்தைப் பற்றியவை. 2020 மார்ச்சில் கொவிட் பரவலால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது தற்காலிக ஏற்பாடாக வந்த ஸூம் வகுப்பு, 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றுபோன மாதங்களில் மறுபடியும் கைகொடுத்தது; அதன் பிறகு அது போகவே இல்லை. வார இறுதி வகுப்பு, வெளிவாரிப் பட்டப்படிப்பு, மண்சரிவால் வீதி மூடப்பட்ட நாளில் நடக்கும் விரிவுரை என்று ஏதாவதொரு பெயரில் மலையகத்து வீடுகளுக்குள் அது குடியேறிவிட்டது. ஆனால் அந்த வகுப்பில் எப்படி நடந்துகொள்வது என்பதை யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இதற்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் விரிவுரையாளர் ஒருவர், கெமரா போடாதவர்களுக்கு வரவு இல்லை என்று அறிவித்திருக்கிறார். எங்கள் வீடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு காம்பராவும் (அறை) இஸ்தோப்பும் (முன் விறாந்தை) தான். இரவுக் காவல் முடிந்து வரும் அப்பா, நான் படிக்கும் நேரத்தில் எனக்குப் பின்னால்தான் தூங்குவார். இரண்டு தடவை “நெட்வேர்க் இல்லை” என்று பொய் சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவை சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்வது? – பெயர் வேண்டாம்

பதில்: மகள், முதலில் அந்தப் பொய்யை முடித்துக்கொள்வோம். நெட்வேர்க் இல்லை என்ற காரணத்தை விரிவுரையாளர்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருக்கிறார்கள். அதை எல்லோரும் சொல்லத் தொடங்கியதால், காற்றுமழையில் கோபுரம் உண்மையாகவே செயலிழந்த தோட்டத்துப் பிள்ளை சொல்லும்போதும் எவரும் நம்புவதில்லை. நீங்கள் மூன்றாம் தடவை சொல்லாமல் நிறுத்திக்கொண்டது நல்லது.

உங்கள் உண்மைக் காரணம் நெட்வேர்க் அல்ல, காம்பரா. “இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது எனக்குச் சுலபம். ஆனால் நானும் லயத்தின் கடைசியில் இருக்கும் ஒரு தொங்கல் காம்பராவில் வளர்ந்தவன். பேராதனையில் படித்த காலத்தில், விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வருகிறோம் என்று நண்பர்கள் கேட்டபோதெல்லாம் பாதை உடைந்து கிடக்கிறது, அம்மாவுக்குச் சுகமில்லை என்று நான்கு வருடங்களைக் கடத்தியிருக்கிறேன். எனக்கு அந்த நண்பர்களைத் தடுக்க ஒரு மலைப்பாதையாவது இருந்தது. உங்களுக்கோ ஒரு பொத்தானை அழுத்தினால் எண்பது பேர் வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். ஆகவே அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதை உங்கள் வாதமாக வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

வாதம் வேறு இருக்கிறது. கெமரா உங்களை மட்டும் காட்டுவதில்லை. இரவு முழுவதும் கண்விழித்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டிருக்கும் உங்கள் அப்பாவையும் காட்டுகிறது. அவர் எந்தப் பாடத்துக்கும் பதிவு செய்தவர் அல்லர், எந்த விதிக்கும் சம்மதம் தந்தவரும் அல்லர். “என் வீடு வசதியற்றது” என்று எழுதினால் இரக்கம் கேட்பதாகிவிடும். “என் பின்னால் வேறொருவர் ஓய்வெடுக்கிறார், அவருடைய தனிமையை நான் காக்க வேண்டியிருக்கிறது” என்று எழுதினால், எந்த விரிவுரையாளரும் தன் வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பார்.

எழுதும்போது வகுப்புக் குழுவில் எழுதாமல் அவருக்கு மட்டும், வகுப்புக்கு இரண்டு நாளாவது முன்னதாக, பகல் நேரத்தில் மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். இப்படி இருக்கலாம்: “மதிப்புக்குரிய சேர், நான் இன்ன பதிவிலக்க மாணவி. நான் வகுப்பில் பங்குபற்றும் அறையில் இரவு வேலை முடிந்து வரும் என் தந்தை உறங்குகிறார். வேறு அறை இல்லை. ஆகவே விரிவுரை நேரத்தில் கெமராவை மூடி வைக்க அனுமதி கோருகிறேன். என் முழுப் பெயரும் புகைப்படமும் திரையில் இருக்கும். நீங்கள் பெயர் சொல்லி அழைக்கும்போது குரலில் பதிலளிப்பேன். முன்வைப்பு, வாய்மொழிப் பரீட்சை போன்றவற்றுக்கு முன்கூட்டியே நேரம் தெரிந்தால் கெமராவுடன் வருவேன்.” இதில் கெஞ்சல் எதுவும் இல்லை என்பதையும், நீங்கள் செய்யப்போவது என்ன என்பது மூன்று வாக்கியங்களில் இருப்பதையும் கவனியுங்கள். அனுமதி கேட்பவர் மாற்றுவழியையும் கையோடு கொண்டுபோனால் மறுப்பது கடினம்.

மின்னஞ்சலில் சொன்ன அந்த முன்வைப்புக்கு இடம் எப்படி ஒழுங்கு செய்வது என்றும் சொல்கிறேன். லயக் காம்பராவுக்கு வெளிச்சம் பெரும்பாலும் வாசல் வழியாகத்தான் வரும். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கரிக்கட்டையாகத் தெரியும்; ஆகவே வாசலைப் பார்த்து, சுவரோடு முதுகு ஒட்ட உட்காருங்கள். பின்னால் சுவர் கிடைக்காவிட்டால், துணி காயப்போடும் கயிற்றில் பூவேலை இல்லாத ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டால் போதும். பின்னணியை மங்கலாக்கும் வசதி ஸூமில் இருக்கிறது. ஆனால் பழைய கைபேசிகள் பலவற்றில் அது வேலை செய்யாது, வேலை செய்தாலும் போன் சூடேறிச் சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடும். விரிப்பு சூடேறாது. தகரத்தில் மழை அடிக்கும் நேரம் மைக்கைத் திறந்தால் வகுப்பே மழையைத்தான் கேட்கும். அப்போது பதிலை செட் (chat) எனப்படும் அரட்டைப் பகுதியில் எழுதிவிடுங்கள்.

டேட்டாச் செலவையும் தேவைப்பட்டால் குறிப்பிடலாம், ஏனெனில் அது வெறும் சாட்டு அல்ல. ஸூம் நிறுவனமே தரும் அளவுப்படி குரல் மட்டும் போவதற்கு வினாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும்; தெளிவான படம் போவதற்கு ஏறக்குறைய 600 கிலோபிட் வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: முன்னது 36 மெகாபைட்டுக்குள் அடங்கும், பின்னது ஒரு திசைக்கே 270 மெகாபைட் ஆகும். நாளுக்கு நான்கு மணித்தியால விரிவுரை என்றால், உங்கள் முகத்தை அனுப்புவதற்கு மட்டும் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் போகும்.

விரிவுரையாளர் மறுத்துவிட்டால் உங்கள் மாணவ ஆலோசகரிடமும், பின்பு துறைத் தலைவரிடமும் அதே மின்னஞ்சலைக் காட்டுங்கள். பல பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாமல் பரீட்சைக்கு அமர முடியாது என்பதால் இதைத் தள்ளிப்போடாமல் பருவத்தின் தொடக்கத்திலேயே செய்துவிடுவது முக்கியம். முகநூலில் எழுதுவதைப் பற்றி அதற்கு முன் யோசிக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் இருந்து படிக்கும்போது சாரத்தோடு இருந்தால் பிழையா? கெமராவில் இடுப்புக்கு மேல்தானே தெரிகிறது? – இளைஞர், பண்டாரவளை

பதில்: சாரம் பிழையில்லை, தம்பி, அதற்கு மேலே ஒரு சட்டை இருக்கட்டும். இடுப்புக்கு மேல்தான் தெரியும் என்ற நம்பிக்கையில் இருந்தவர்கள், சார்ஜர் வயரை எடுக்க எழுந்த கதைகள் ஒவ்வொரு பெட்சிலும் உண்டு. படுத்துக்கொண்டு கேட்பதையும், சோற்றுப் பீங்கானோடு கெமராவுக்கு முன் உட்காருவதையும் தவிருங்கள். பிளேன்டீ குடிக்கலாம்; விரிவுரையாளரும் அதைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: நான் பல்கலைக்கழக விரிவுரையாளர். தொண்ணூறு பேர் கொண்ட வகுப்பில் தொண்ணூறும் கறுப்புக் கட்டங்கள். நகைச்சுவை சொன்னால் சிரிப்பில்லை, கேள்வி கேட்டால் பதிலில்லை. சென்ற வாரம் வகுப்பு முடிந்து “போய் வாருங்கள்” என்று சொல்லிக் கால்மணி நேரமாகியும் பதினோரு பேர் திரையில் அப்படியே இருந்தார்கள். ஆளே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. கெமரா போடும்படி கட்டாயப்படுத்துவது பிழை என்கிறார்கள். அப்படியானால் எனக்கு உள்ள உரிமைதான் என்ன? – சிரேஷ்ட விரிவுரையாளர், கண்டி மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சுவருடன் பேசுவது ஒரு ஆசிரியருக்கு எத்தனை களைப்பைத் தரும் என்பது மாணவர்களுக்குத் தெரிவதில்லை. முகங்களைப் பார்த்துத்தான் நாம் வேகத்தைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம், உதாரணத்தை மாற்றுகிறோம். அந்தப் பதினோரு பேரை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போகிறவர்தான், முதல் கடிதம் எழுதிய பிள்ளையின் உண்மையான எதிரி. அவரால்தான் இந்த விதியே வந்தது.

ஆனாலும் கெமரா வரவைப் பார்க்கும் கருவி அல்ல. முகத்தைத் திரையில் வைத்துவிட்டு அடுத்த ஜன்னலில் படம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நான் பகுதிநேரமாகப் படிப்பித்த நாட்களில், ஒரு மாணவரைப் பெயர் சொல்லி, “தம்பி, நீங்கள் வகுப்பில் இருக்கிறீர்களா, கட்டிலில் இருக்கிறீர்களா?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். சில விநாடிகள் கழித்துக் கெமரா திறந்தது. ஒரு கையில் குடை, குடைக்குக் கீழே போன், பின்னால் மாரியம்மன் கோயில் படிக்கட்டு, சுற்றிலும் சாரல். அந்தத் தோட்டத்தில் சிக்னல் கிடைத்த ஒரே இடம் அந்தப் படிக்கட்டுதான். “இருக்கிறேன் சேர்” என்றார். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை எவரிடமும் அப்படிக் கேட்டதில்லை. ஊவா மாகாணத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் 2021இல் சிக்னலுக்காகக் காட்டுவழியே ஏறிப் பாறை மேலிருந்து படித்த செய்தி உலகம் முழுவதும் போனது. நம் வகுப்புகளிலும் அப்படிப்பட்டவர்கள் சத்தமில்லாமல் இருக்கிறார்கள் என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

மாணவர்கள் ஏன் கெமராவை மூடுகிறார்கள் என்பதை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லி, சர்வாரி என்ற இருவர் தங்கள் மாணவர்களிடமே கேட்டு 2021இல் வெளியிட்டார்கள். தன் தோற்றம் பற்றிய தயக்கமே அங்கு அதிகமானோர் சொன்ன காரணம். பின்னால் தெரியும் ஆட்களும் இடமும், பலவீனமான இணையமும் அதற்கு அடுத்தவை. அவர்கள் சொன்ன தீர்வு எளிமையானது: கட்டாயப்படுத்தாமல், ஏன் முகம் பார்க்க விரும்புகிறேன் என்று ஆசிரியரே சொல்லி ஊக்கப்படுத்துவது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன், ஸூம் களைப்புக்கு நான்கு காரணங்களை எழுதினார். அவற்றில் ஒன்று, நாள் முழுவதும் தன் முகத்தையே தான் பார்த்துக்கொண்டிருப்பது. சலூன் நாற்காலியில் நான்கு மணித்தியாலம் உட்கார்ந்து பாடம் கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்குள்ள உரிமை, மாணவர் வகுப்பில் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் கேட்கும் உரிமை. அதை முகமாகத்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. முதலாவது வகுப்பிலேயே, எந்த நேரத்தில் கெமரா வேண்டும், எதற்காக வேண்டும், முடியாதவர் எப்போது எப்படி அறிவிக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். விரிவுரை முழுவதும் மூடியிருக்கட்டும். எட்டுப் பேர் கொண்ட கலந்துரையாடலில் பத்து நிமிடம் திறக்கச் சொன்னால் பெரும்பாலானோர் திறப்பார்கள், ஏனெனில் தொண்ணூறு பேருக்கு முன் இருக்கும் பயம் எட்டுப் பேருக்கு முன் இருப்பதில்லை. கால்மணிக்கு ஒரு தடவை, ஒரு வரியில் பதில் எழுதக்கூடிய கேள்வியொன்றை செட் பகுதியில் போடுங்கள். வரவை அந்தப் பதில்களிலிருந்து எடுங்கள். பதினோரு பேர் தாமாகவே அகப்படுவார்கள். வகுப்பு ஆரம்பத்தில் ஐந்து பெயர்களை வாசித்து, “இன்று இவர்களிடம் கேட்பேன்” என்று சொல்லிவிட்டால், திடீரென்று அழைக்கப்படும் பீதியும் இருக்காது, தூக்கமும் வராது.

பதிவு செய்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒருவரின் முகமும் குரலும் அவரை அடையாளம் காட்டும் தகவல்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அத்தகைய தகவலைச் சேகரிப்பவர் என்ன நோக்கத்துக்காக என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்ற கொள்கையின் மேல் எழுந்தது. ஆகவே பதிவுப் பொத்தானை அழுத்துமுன், யார் பார்ப்பதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மாணவர்கள் கெமராவை மூடிக்கொள்வதையும் அனுமதியுங்கள்.

இன்னொன்று: 2020இல் பல்கலைக்கழகங்களின் ஸூம் வகுப்புகள், பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் (LEARN) வலையமைப்பின் வழியாக நடந்தபோது, தொலைபேசி நிறுவனங்கள் அதற்கு டேட்டாக் கட்டணம் எடுக்காத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துப் பழக்கத்தை வைத்து, இன்று ரீலோட் போட்டுப் படிக்கும் பிள்ளையின் செலவை எடைபோட வேண்டாம்.

கேள்வி: என் மகள் எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். வீட்டில் இருக்கும் நாட்களில் காலையிலிருந்து காதில் வயரை மாட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் இருக்கிறாள். அவள் யாரோ பையனோடு பேசுவதாகப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் கதை கட்டுகிறார்கள். போன வாரம் நான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்த கோலத்தோடு உள்ளே வந்து, தெரியாமல் கெமராவுக்கு முன்னால் போய்விட்டேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். பிள்ளைக்கு என்னைப் பார்த்து வெட்கமா? – ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அவள் மனதில் இருந்ததை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் போனைக் கவிழ்த்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஈரச் சேலையோடு நிற்கும் உங்களை, உங்களுக்குத் தெரியாமல், முன்பின் தெரியாத பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்ற பதற்றமாகவும் அது இருந்திருக்கலாம். வகுப்பு இல்லாத ஒரு மாலையில், அடுப்படியில் அவள் பக்கத்தில் இருக்கும்போது, கோபமில்லாமல் அவளிடமே கேளுங்கள்.

வயர் விடயம் சுலபமானது. காதில் மாட்டினால்தான் வீட்டுச் சத்தம் வகுப்புக்குப் போகாமலும், வகுப்புச் சத்தம் வீட்டுக்கு வராமலும் இருக்கும். அயல்வீட்டாருக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால், பதிவு செய்யப்பட்ட விரிவுரை ஒன்றை வயரைக் கழற்றிவிட்டு இஸ்தோப்பில் அரைமணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். புள்ளிவிபரவியலை அரைமணி நேரம் கேட்ட எவரும் அதைக் காதல் பேச்சு என்று சொல்லமாட்டார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது இது: அவளுடைய வகுப்பு நேரங்களைக் கலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கெமரா திறந்திருக்கும் நேரத்தில் வாசல் கம்பியில் ஒரு சிவப்புத் துவாயைத் தொங்கவிடட்டும். அதைக் கண்டால் வீட்டார் பின்பக்கமாக வரலாம், அல்லது ஒரு குரல் கொடுத்துவிட்டு வரலாம். பீலியில் தண்ணீர் பிடிக்கவும் தம்பியைப் பார்க்கவும் அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடாதீர்கள். அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதால் ஓய்வாக இருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறோம். காலைப் பிரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போன ஒருவரைப் பாதி மலையிலிருந்து வீட்டு வேலைக்குத் திருப்பிக் கூப்பிடுவோமா?

கேள்வி: எங்கள் பெட்ச் பெண்ணொருவர் கெமரா திறந்திருப்பது தெரியாமல் கொட்டாவி விட்டார். யாரோ அதை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டு இன்னொரு குழுவுக்கு அனுப்பினேன். இரண்டு வாரமாக அவர் வகுப்புக்கு வருவதில்லை. நான் செய்தது பெரிய குற்றமா? – மாணவர், பசறை

பதில்: ஆம், தம்பி.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம், ஒரு மாணவருக்கு உடலாலோ மனதாலோ துன்பத்தை அல்லது பயத்தை ஏற்படுத்தும் செயலைப் பகிடிவதை என்கிறது. கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் அது குற்றம். செய்தவர் மட்டுமல்ல, அதில் பங்குகொண்டவரும் பொறுப்பு. தண்டனை இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தல் சேர்ந்தால் பத்து வருடம் வரை போகும். ஒரு கொட்டாவிக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். உங்களுக்கு அது கொட்டாவி. அவருக்கு அது, ஒவ்வொரு குழுவிலும் தன் வாய் பிளந்த முகம் பதிலாக வந்து விழுவது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எந்தக் குழுவில், எந்தத் தேதியில் அது வந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, நீங்கள் அனுப்பிய இடங்களில் அதை அழித்துவிடுங்கள். அதே குழுக்களில், “நான் இதைப் பகிர்ந்தது பிழை, வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள்” என்று உங்கள் பெயரோடு எழுதுங்கள். தனியாக அவரிடம் சொல்லிவிட்டுக் குழுவில் மௌனமாக இருந்தால் அது உங்கள் மனச்சாட்சிக்கு மட்டும் செய்த வைத்தியம். பின்பு அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மன்னித்துவிட்டேன் என்று பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டாவது செய்தியும் அனுப்பாதீர்கள். மூன்றாவதாக மாணவ ஆலோசகரிடம் போய், தவறவிட்ட வகுப்புகளின் பதிவுகளும் வரவும் அவருக்குக் கிடைக்க வழி கேளுங்கள். அவருக்கு முறைப்பாடு செய்யும் உரிமையும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பகிடிவதை முறைப்பாடுகளை இணையவழியாகவும் பெற்றுக்கொள்கிறது. அப்படி அவர் செய்தால், யார் சொல்லிக்கொடுத்தது என்று தேடிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: வெளிவாரிப் பாடநெறி ஒன்றின் பரீட்சையை வீட்டிலிருந்து எழுத வேண்டும். தொடங்குமுன் கெமராவால் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறார்கள். சிறிய வீடு, ஆறு பேர். மறுக்க முடியுமா? – வாசகி, நோர்வூட்

பதில்: பரீட்சையை விரிவுரையோடு ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது. எழுதுபவர் நீங்கள்தானா, அருகில் உதவி இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு நியாயமான தேவை இருக்கிறது. ஆனால் அறை முழுவதையும் காட்டச் சொல்வது வேறு. 2022 ஓகஸ்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சமஷ்டி நீதிமன்றம், கிளீவ்லன்ட் அரச பல்கலைக்கழகம் ஒரு மாணவரின் படுக்கையறையை இப்படிச் சுற்றிக் காட்டச் செய்தது அரசியலமைப்புக்கு முரணான சோதனை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இலங்கையில் எவரையும் கட்டுப்படுத்தாது. இந்தக் கேள்வி உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த அற்பச் சங்கடம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பரீட்சைக் காலையில் மறுக்கப் போனால் நேரம் ஓடிவிடும், மனமும் குலைந்துவிடும். ஆகவே இப்போதே எழுத்தில் கேளுங்கள்: மேசையையும் இரு பக்கச் சுவரையும் காட்டினால் போதுமா, அந்தப் பதிவை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள், மின்சாரமோ இணைப்போ இடையில் போனால் மீண்டும் நுழைய எத்தனை நிமிடம் தருவார்கள். கடைசிக் கேள்விதான் நம் பக்கத்தில் முதலாவது கேள்வி. மே மாதத்திலிருந்து தென்மேல் பருவக்காற்று அடிக்கத் தொடங்கினால் நோர்வூட்டில் மரம் விழாத, கம்பி அறாத வாரம் குறைவு. போனையும் பவர் பேங்கையும் முதல் நாளே நிறையச் சார்ஜ் செய்துவிட்டு, இரண்டாவது நிறுவனத்தின் சிம் ஒன்றிலும் டேட்டா போட்டு வையுங்கள். இணைப்பு அறுந்தால், நேரம் தெரியும்படி ஒரு ஸ்க்ரீன்ஷொட் எடுத்து உடனேயே பரீட்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். மறுநாள் சொல்லும் காரணத்துக்கு மதிப்புக் குறைவு.

வீட்டில் ஆறு பேர் என்பதால், அன்று ஒரு நாளைக்கு வேறிடம் பார்ப்பதே மேல். தோட்டத்துப் பாடசாலையின் ஒரு வகுப்பறை, வாசிகசாலை, கோயில் மண்டபத்தின் பக்க அறை எதுவானாலும் சரி. முன்னதாக ஒரு நாள் அதே நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்து, சிக்னல் எத்தனை கோடு காட்டுகிறது என்று பாருங்கள். அந்த அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதையும் இந்த வாரமே கேட்டு வையுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு, டோர்ச் லைட்டோடு திறப்புக்காரரைத் தேடிக் கீழ்க்கணக்கு, மேல்கணக்கு என்று தோட்டப் பிரிவுகள் தோறும் அலைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.